பிணத்தின் மேல் பீடம் போடும் அரசியல்!

1994 ஜூலை 18. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில், ‘அமியா’ எனும் யூத சமூக நலச்சங்கக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 85 பேர் மாண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடியும், குண்டு வைத்த குற்றத்துக்காக ஒருவன்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்த இடிபாட்டில் ஆதாயம் பொறுக்கியவர்கள் எத்தனை பேர்!

முதல் விசாரணை நடத்திய நீதிபதி கலியானோ என்ன செய்தார்? கைதான ஒருவருக்கு அரசுப் பணம் 4 லட்சம் டாலர் கொடுத்து, போலீஸ்காரர்கள் மீது பழி போட வைத்தார். 2004-ல் வழக்கு நொறுங்கியது. 2019-ல் அந்த நீதிபதியே தண்டனை பெற்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை!

அடுத்து வந்த அரசு வழக்கறிஞர் நிஸ்மான், 2006-ல் ஈரானையும் ஹிஸ்புல்லாவையும் குற்றம் சாட்டினார். 2013-ல் ஜனாதிபதி கிறிஸ்டினாவின் அரசு ஈரானுடன் ஒப்பந்தம் செய்தது. அது குற்றவாளிகளைத் தப்பவைக்கும் சதி என்று 2015 ஜனவரி 14 அன்று ஜனாதிபதி மீதே நிஸ்மான் புகார் கொடுத்தார். 18-ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் விளக்கமளிக்க இருந்ததற்கு முதல்நாள், தலையில் குண்டு பாய்ந்து பிணமாகக் கிடந்தார்.

உடனே கடை விரிந்தது! ஜனாதிபதி முதலில் தற்கொலை என்றார்; சில நாளில் தற்கொலையல்ல என்றார். எதிர்த்தரப்பிலோ, விசாரணை முடியுமுன்பே தீர்ப்பெழுதினர் பலர். அது தேர்தல் ஆண்டு அல்லவா? சவமும் பிரசாரத்துக்கு வந்துவிட்டது! 2018-ல் மேல்நீதிமன்றம் கொலை என்றது. கொன்றவன் யார்? பதில் இல்லை.

ஈரானியர் மீதான சர்வதேசப் பிடிவிளம்பரத்தை நீக்க அர்ஜென்டினா முயன்றது என்பது நிஸ்மானின் குற்றச்சாட்டு. அப்படி யாரும் கேட்கவில்லை என்றார் இன்டர்போலின் முன்னாள் தலைமைச் செயலர் நோபிள். இதைச் சொன்னால் ஈரானின் கையாள். ஈரானை விசாரி என்றால் அமெரிக்காவின் கையாள்! உண்மைக்கு நிற்பவனுக்கு அங்கே இடமேது?

2024-ல் இரு தீர்ப்புகள் வந்தன. அர்ஜென்டினா நீதிமன்றம் ஈரானையும் ஹிஸ்புல்லாவையும் பொறுப்பாக்கியது. மாண்டவர்களின் உறவினர் தொடுத்த வழக்கிலோ, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கவும் ஒழுங்காக விசாரிக்கவும் தவறியதற்கு அர்ஜென்டினா அரசையே பொறுப்பாக்கியது. முதல் தீர்ப்பு மேடைக்கு உகந்தது. இரண்டாவது எந்த ஆட்சிக்கும் கசப்பானது.

வாசகர்களே! வெளியே எதிரியைக் காட்டும் விரல், உள்ளே நடந்த மோசடியை மறைக்கலாகாது. 85 பேரின் குடும்பங்கள் கேட்பது கோஷமல்ல, நீதி! உளவுத்துறையின் கோப்புகளை முழுமையாகத் திற! சாட்சியை விலைக்கு வாங்கியவர்களின் மேலிடம் யாரென்று சொல்! அதுவரை அந்தக் கல்லறைகளில் வாக்குக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை!