விசைக்கோடுகளும் ஐந்து மார்க்கும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கிற அக்கா பையன் இயற்பியல் புத்தகத்தோட வந்து உட்கார்ந்தான். "மாமா, ரெண்டு விசைக்கோட்டுக்கு நடுவுல காந்த ஊசியை வச்சா அது திரும்பாதா?"

வகுப்பிலும் இதையே கேட்டிருக்கான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, பண்புகளை மனப்பாடம் பண்ணு"ன்னு பதில் வந்திருக்கு. மக்களே, எனக்கு வந்ததே கோபம்!

திரும்பும்டா. எங்கே வச்சாலும் திரும்பும். காந்தப்புலம் இடைவெளி இல்லாம எல்லா இடத்திலும் இருக்கு. கோடு என்பது நாம பேப்பரில் போட்டுக்கிற படம். மேப்பில் அட்சரேகை இருக்குங்கிறதுக்காக கடலுக்குள்ள கயிறா கட்டியிருக்கான்? ஆனா நம்ம பாடம் இந்தப் படத்துக்கு "பண்புகள்" என்று பட்டியல் போட்டு, அதை ஏதோ ஒரு பொருள் மாதிரி ஆக்கி வச்சிருக்கு. நானும் எஞ்சினியரிங் முடிக்கிற வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன், ஹி ஹி.

'இரும்புத்தூளில் கண்ணால பார்த்தோமே' என்பீங்க. அங்கேதான் மொத்த ஏமாத்தும். ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமா மாறி, வாலைத் தலை பிடிச்சு சங்கிலியா நிக்குது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒண்ணையொண்ணு தள்ளிக்குது. அதனாலதான் இடைவெளி. தூளைக் கொட்டிட்டு மறுபடி தூவித் தட்டிப் பாருங்க, கோடுகள் வேற இடத்தில் விழும். பையனோட சேர்ந்து செஞ்சு பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்கணும்!

'கோடுகள் நெருக்கமா இருந்தா புலம் வலிமை' என்கிறதும் பேப்பரில் பொய். ஒரு மின்னூட்டத்திலிருந்து 8 கோடு வரைங்க. 1 செ.மீ. தூரத்தில் இருக்கிற இடைவெளி 2 செ.மீ.யில் இரண்டு மடங்கு. அதாவது நெருக்கம் பாதி. ஆனா கூலும் விதிப்படி புலம் கால்வாசி ஆகணும். கோளத்தின் பரப்பு நாலு மடங்காகும் முப்பரிமாணத்தில்தான் கணக்கு சரியா வரும். இதை வகுப்பில் ஒரு நிமிஷம் சொன்னா குடியா முழுகிடும்?

அடுத்தது உச்சம். 'காந்த விசைக்கோடுகள் எப்பவும் மூடிய வளையங்கள்.' கோடு எங்கேயும் தொடங்காது என்கிறது வேற, மூடிக்கும் என்கிறது வேற. மெதுவடை மாதிரி ஒரு கம்பி வளையத்தில் மின்னோட்டம் விடுங்க. ஓட்டை நடுவே நேரா ஒரு நீளக் கம்பியை நிறுத்தி அதிலும் மின்னோட்டம் விடுங்க. இப்போ கோடு, வடையைச் சுத்தி நூல் சுத்துற மாதிரி சுருள்சுருளா போகும். பெரும்பாலும் கிளம்பின புள்ளிக்குத் திரும்பி வரவே வராது. ரெண்டே ரெண்டு கம்பியில் "எப்பவும்" அவுட்!

'ஃபாரடேயே அதை நிஜம்னு நினைச்சாரே' என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீங்க. ஆமா, 1852-ல் விசைக்கோடுகளுக்குப் பௌதிக இருப்பு உண்டுன்னே வாதாடினார். அந்த மனுஷன் கணிதம் இல்லாம அந்தப் படத்தை வச்சே யோசிச்சு, உலகத்துக்குப் புலம் என்கிற கருத்தைக் கொடுத்தவர். அவர் கோட்டை நம்பினதில் ஒரு தேடல் இருந்தது. நம்ம ஆட்கள்கிட்ட இருக்கிறது விடைத்தாள். மேக்ஸ்வெல் 1855-56-ல் அதைக் கணிதமாக்கினப்போ, தான் பயன்படுத்தின திரவம் வெறும் கற்பனைன்னு தெளிவாவே சொல்லிட்டார். புலம் நிஜம், அதுக்கு ஆற்றல் உண்டு, உந்தம் உண்டு. கோடு அதைக் காட்டுற திரை, அவ்வளவுதான். திரையில் தெரியுறதையே டேட்டாபேஸ்னு நினைக்கிற புரோகிராமரை ஆபீஸில் என்ன பாடு படுத்துவோம்?

கோட்டைத் தூக்கிப் போடச் சொல்லலை. முதலில் காந்த ஊசியைக் கையில் கொடுங்க, ஒவ்வொரு இடத்திலும் அம்பு போடச் சொல்லுங்க, அப்புறமா அம்புகளைச் சேர்த்துக் கோடு வரையட்டும்.

கிளம்பும்போது பையன் கேட்டான்: "அப்போ பரீட்சையில் மூடிய வளையம்னு எழுதட்டுமா, வேணாமா?"

எழுதுடான்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். திட்டுறவங்க திட்டலாம்.