ஓடுகிற லைனை யார் தருவார்?

பெருநிறுவனங்கள் ஸ்டார்ட்அப்களுக்காக நடத்தும் ஆக்சிலரேட்டர்கள் வெறும் விளம்பரம், அந்தப் பணத்தை முதலீடாகக் கொடுத்தால் போதும் என்கிறார் நண்பர். விளம்பரத்துக்கென்றே நடப்பவை உண்டுதான்: சில மாதப் பயிற்சி, ஒரு மேடை, ஒரு குரூப் போட்டோ. அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போடுவதா?

செயலி செய்கிறவருக்குப் பணம் போதலாம். பேரிங் தேய்வதை அதிர்வை வைத்தே முன்கூட்டிச் சொல்லும் சென்சார் செய்கிறவருக்கு, தொழிற்சாலையில் ஓடுகிற உற்பத்தி லைன் வேண்டும். அங்கே கூலன்ட் தெறிக்கும், பக்கத்து பிரஸ் தரையையே ஆட்டும். ஆய்வகத்தில் தேறிய கணிப்பு அங்கேதான் தடுமாறும். எந்த முதலீட்டாளர் கையில் லைன் இருக்கிறது? லைன் வைத்திருப்பவரை அணுகினாலோ, கொள்முதல் பிரிவு மூன்றாண்டு பேலன்ஸ் ஷீட் கேட்கும். கம்பெனிக்கே வயது ஒன்றரை!

2015-இல் பிஎம்டபிள்யூ தொடங்கிய ஸ்டார்ட்அப் கராஜ் இந்த முடிச்சில்தான் கைவைத்தது. பங்கு கேட்பதில்லை, இன்னும் முதிராத தொழில்நுட்பத்துக்கு வாடிக்கையாளராக பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறது. பிஎம்டபிள்யூவுக்கு சப்ளை செய்தவர் என்றால் அடுத்த கம்பெனியின் கேட்டில் மரியாதையே வேறு. (சோதனை ஆர்டரோடு கதை நின்றுபோவதும் உண்டு, அது தனிச் சண்டை.)

நண்பர் திட்டும் ஆக்சிலரேட்டர்களில் எவை ஆர்டர் போட்டன, எவை போடவில்லை என்று முதலில் பிரித்துக் காட்டட்டும். போடாதவற்றைத் திட்ட நானும் வருகிறேன்.