வீடு பார்க்கும் படலம்

பெண் பார்க்க வருகிறவர்களைக்கூட ஒரு மாலையில் சமாளித்துவிடலாம். பஜ்ஜி, கேசரி, ஒரு பாட்டு, ஒரு நமஸ்காரம், முடிந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் அப்படியல்ல. செருப்பைக் கழற்றாமல் வருவார்கள். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்ப்பார்கள். பீரோவைத் திறந்து சுவருக்குள் எவ்வளவு போகிறது என்று கைவிட்டு அளப்பார்கள். போகும்போது, "யோசித்துச் சொல்கிறோம்" என்பார்கள். பஜ்ஜி தின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள் என்று என் அக்கா ஞாபகப்படுத்துகிறாள்.

மும்பையில் இந்தப் படலம் சூடுபிடிப்பது பிப்ரவரி பாதியிலிருந்து மே வரை. காரணங்கள் பல. குடி பாட்வா, மராட்டியர்களின் வருடப் பிறப்பு. பஞ்சாங்கம் பார்க்காமலே நல்ல காரியம் தொடங்கலாம் என்று அவர்கள் வைத்திருக்கும் மூன்றரை முகூர்த்தங்களில் ஒன்று. பள்ளிகளில் வருடத் தேர்வு முடிந்து, பல பள்ளிகள் ஜூனில் திறக்கும். அதற்குள் குடிபெயர்ந்தாக வேண்டும். ஏப்ரல் 1 பிறந்தால் அரசு ரெடி ரெக்னர் விலையை ஏற்றிவிடுமோ என்ற பயம் வேறு. 2025-ல் ஏற்றியும் விட்டது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், ஜூனில் மழை. மழைக்காலத்தில் மும்பை வீட்டை விற்பதும், தலைக்குக் குளித்த கையோடு புகைப்படத்துக்கு நிற்பதும் ஒன்றுதான்.

இதில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். குடி பாட்வா பெரும்பாலும் நம் பங்குனியில் வந்து விழும். பங்குனியில் நாம் புதுமனை புகுவதில்லை. 2025-ல் அது மார்ச் 30, பங்குனி பாதி. மராட்டியர் சாவி வாங்கும் நாளில் செம்பூர் தமிழர் டோக்கன் மட்டும் கொடுத்துவிட்டு, பால் காய்ச்சச் சித்திரை வரை காத்திருப்பார்.

நாங்கள் விற்றதும் செம்பூர் வீடுதான், அந்த வருடம்தான். அப்பா 1984-ல் வாங்கியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா போன பிறகு அம்மாவின் முழங்கால் அந்தப் படிகளோடு சமாதானமாக மறுத்துவிட்டது. கோவையில் தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவானது.

ஏஜென்ட் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் போட்டார். ஹாலில் தொங்கும் ஏழு காலண்டர்களில் ஆறைக் கழற்ற வேண்டும். ஊஞ்சலை இறக்க வேண்டும், இறக்கினால் அறை பெரிதாகத் தெரியும். டியூப் லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்ப். பரணில் இருப்பதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு. வருகிறவர்கள் குஜராத்திகளாக இருந்தால் கருவாட்டு வாசனை கூடாது. "மாஜி, வாங்குகிறவன் இங்கே தன்னைப் பார்க்க வேண்டும், உங்களைப் பார்க்கக் கூடாது" என்றார். அம்மாவுக்கு இந்தி நன்றாகவே புரியும். பதில் சொல்லவில்லை. குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் வருடக்கணக்காக ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை அன்று மாலை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஊஞ்சல் இறங்கியதும் ஹால் உண்மையிலேயே பெரிதாகிவிட்டது. நாற்பது வருடம் இதில் எப்படி இடுப்பில் இடித்துக்கொண்டு நடந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி, குழாய் வாஷர், இறுகிப்போன தாழ்ப்பாள்கள், ஸ்விட்ச் போர்டில் படிந்த கைக்கறை. அதிகச் செலவில்லாத இந்த வேலைகள்தான் வருகிறவர்களின் முகத்தை மாற்றின. புது டைல்ஸ், புது சமையல் மேடை என்று பணத்தைக் கொட்டாதீர்கள். வாங்குகிறவர் முதல் வேலையாக அதை உடைப்பார்.

காகிதங்கள் விஷயத்தில்தான் நாங்கள் சறுக்கினோம். அப்பா சொசைட்டியில் என்னை நாமினியாகப் போட்டிருந்தார். ஆகவே வீடு என்னுடையது, நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். வக்கீல் சிரித்தார். நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பொறுப்பு ஏற்றிருப்பவர், சொந்தக்காரர் அல்ல. அப்பா உயில் எழுதவில்லை. எனவே அம்மா, அக்கா, நான், தம்பி நால்வருக்கும் சம பங்கு. நாக்பூரில் இருக்கும் அக்காவுக்கு நாற்பது வருடங்களுக்கு முன் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் எதுவும் குறையாது. அப்பா தானே சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1956-லிருந்தே இருக்கிறது. வாங்குகிறவரின் வங்கி கடைசி நேரத்தில் இதைக் கண்டுபிடித்து நிறுத்தியிருந்தால் குடி பாட்வா போயிருக்கும். ஆகவே வீட்டைத் துடைப்பதற்கு முன் ஷேர் சர்ட்டிஃபிகேட், அசல் ஒப்பந்தம், வாரிசுகளின் கையெழுத்து, சொசைட்டி பாக்கி, சொத்துவரி ரசீது இவற்றைத் துடைத்து வையுங்கள். விற்பதற்கு சொசைட்டியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் பொதுவாகத் தேவையில்லை என்று விதிகள் சொன்னாலும், வங்கி கேட்கும். மாற்றுவதற்கான பிரீமியம் என்று சொசைட்டி 25,000 ரூபாய்க்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். 2001-லேயே அரசு போட்ட உச்சவரம்பு அது. கார் நிறுத்துமிடத்தைத் தனி விலை போட்டு விற்கலாம் என்றும் நினைக்காதீர்கள். திறந்த இடத்தையும் ஸ்டில்ட் இடத்தையும் பில்டரே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. நமக்கு ஏது?

இனி மேற்குச் சுவர்.

மும்பை மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் அதை நேராக வாங்கும். ஒவ்வொரு ஜூலையிலும் அதில் ஒரு கறை வரும். சிறு வயதில் அது எங்களுக்கு ஆஸ்திரேலியா. வருடங்கள் போகப்போக ஆப்பிரிக்கா. தீபாவளிக்குள் காய்ந்து, பொருக்குத் தட்டி, பிப்ரவரியில் விரலால் தொட்டால் உப்புப் போல உதிரும். பெயிண்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுரண்டி, பட்டி போட்டு, ஈரம் தடுக்கும் பூச்சு ஒன்று அடித்து, மேலே நல்ல கிரீம் கலர் இரண்டு கோட். ஜூலை வரை கடவுளுக்கே தெரியாது என்று உத்தரவாதம் தந்தார். ஏஜென்ட்டுக்கும் சந்தோஷம். "எல்லோரும் செய்வதுதான். மழையில் எந்த பில்டிங் ஒழுகவில்லை?"

உண்மையைச் சொன்னால், நான் சரி என்றுதான் தலையாட்டினேன். நால்வருக்குப் பங்கு போக வேண்டிய பணம். அம்மாவின் மீதி வாழ்க்கைக்கு அதுதான் ஆதாரம். மூன்று லட்சம் குறைந்தாலும் வலிக்கும்.

அம்மாதான் கேட்டாள். "வாங்கறவங்க கட்டிலை எங்கே போடுவாங்க?"

அந்த அறையில் கட்டில் போட அந்தச் சுவர் ஒன்றுதான் உண்டு.

"குழந்தை இருந்தா சுவர் ஓரமாத்தானே படுக்க வைப்பாங்க? உங்களை எல்லாம் நான் அப்படித்தான் படுக்க வச்சேன். தம்பிக்கு இழுப்பு வந்ததே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆறு மழைக்காலங்கள் அவன் மார்பில் தைலம் தடவியிருக்கிறேன்.

சட்டமும் அம்மாவின் பக்கம்தான் என்பது பிறகு வக்கீல் சொல்லித் தெரிந்தது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் அதைச் சொல்லியே தீர வேண்டும் என்கிறது. உரிமையில் இருக்கும் குறைக்கும் இதுதான் விதி, கட்டடத்தில் இருக்கும் குறைக்கும் இதுதான் விதி. பூச்சடித்து மறைத்த ஈரத்தை யார் கண்டுபிடிப்பார்?

இன்னொன்றும் தெரிந்தது, இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் முப்பது வருட ஆஸ்திரேலியாவைத் தவிர்த்திருக்கலாம். வெளிச்சுவர் சொசைட்டியுடையது. வெளியிலிருந்து வரும் மழைக் கசிவைச் சரிசெய்வது, மகாராஷ்டிர மாதிரி விதிகளின்படி, சொசைட்டியின் செலவு. குளியலறை, கழிவறை, சிங்க் இவற்றில் நம் வீட்டுக்குள் உண்டாகும் கசிவு மட்டுமே நம் தலையில். அப்பா வருடாவருடம் உள்பக்கம் பூசிக்கொண்டே இருந்தார். நோய் ஒருபக்கம், மருந்து மறுபக்கம்.

எழுதிக் கொடுத்தேன். கமிட்டி, மழை முடியட்டும் என்றது. வெளிச்சுவர் வேலை காய்ந்த மாதங்களில்தான் நடக்கும், மழை வந்தபின் சாரம் கட்டி என்ன பயன் என்று மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் விதியின் எண்ணைப் போட்டேன். மார்ச் முதல் வாரத்தில் மூங்கில் சாரம் ஏறியது. விரிசலைத் திறந்து, அடைத்து, வெளியே பூசினார்கள். உள்ளே நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆப்பிரிக்கா அப்படியே இருந்தது.

முதலில் வந்த தம்பதியிடம் அம்மாவே அதைக் காட்டினாள். தன் மும்பை இந்தியில், எந்த மாதம் வரும், எவ்வளவு உயரம் வரும், இப்போது வெளியே என்ன செய்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஏஜென்ட் இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் போனார்கள். மூன்றாவதாக ஒரு மராட்டியக் குடும்பம். 2021-லிருந்து பெண்கள் பேரில் மட்டும் வாங்கினால் முத்திரை வரியில் 1 சதவீதம் தள்ளுபடி என்பதாலோ என்னவோ, கேள்விகளெல்லாம் அந்தப் பெண்தான் கேட்டார். சுவரைத் தடவிப் பார்த்தார். கமிட்டிக்கு நான் எழுதிய கடிதங்களின் நகலைக் கேட்டார். மறுநாள் தெரிந்த சிவில் என்ஜினீயர் ஒருவரோடு வந்தார். இரண்டு லட்சம் குறைக்கச் சொன்னார், குறைத்தோம். வேறு குறை உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம்.

பணம் முழுக்க வங்கி வழியாக. 2015 ஜூனிலிருந்து வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி குற்றம். இருந்தும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கிறவர்களும். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும், பதறாதீர்கள். லாபத்துக்கான வரியில், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம், இல்லாமல் 12.5 சதவீதம், எது குறைவோ அது. 2001-க்கு முந்தைய வீடென்றால் அந்த வருட ஏப்ரல் 1 மதிப்பை, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

குடி பாட்வாவன்று அவர்கள் ஜன்னலில் மூங்கில் கொம்பு நட்டு, பட்டுத்துணியும் கவிழ்த்த செம்புமாக குடி ஏற்றினார்கள். அம்மா கூடவே நின்று வேப்பிலையும் வெல்லமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலையில் ஒருநாள் நல்ல மழை. அந்தப் பெண் போன் செய்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேற்குச் சுவர் காய்ந்தே இருக்கிறதாம், சந்தோஷமாம். ஆனால் சமையலறை ஜன்னலுக்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டு, கோவைக்குப் போன் போட்டேன்.

"அதுவா? அது எப்பவும் ஒழுகும்" என்றாள் அம்மா. "கீழே ஒரு கிண்ணம் வைக்கச் சொல்லு."