முதல் கிதாரும் ஆறாயிரம் ரூபாயும்

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பயிற்சி ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொண்டு வந்தான். அதில் ஒரு மின்கிதாரின் படம் இருந்தது. தீச்சுடர் போன்ற இரு கொம்புகள். உடல் முழுவதும் சிவப்பு வண்ணம். படத்தின் கீழே செலவுக் கணக்கு எழுதியிருந்தான். கையிருப்பு 6,000 ரூபாய். அதில் வண்ணத்திற்கும் மெருகிற்கும் மட்டும் 2,500 ரூபாய்.

"ஐயா, நீங்கள்தான் அப்பாவிடம் பேச வேண்டும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் கடையிலேயே கிதார் கிடைக்குமே, மரத்தை அறுத்து ஏன் வீணாக்குகிறாய் என்கிறார்" என்றான்.

அவன் குடும்பம் புனே நகரின் கட்கிப் பகுதியில் வாழ்கிறது. தந்தை ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் சொன்னது கணக்குப்படி சரியே. ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கப்படும் கிதாரோடு, வீட்டில் ஒருவன் ஒற்றையாகச் செய்யும் கிதார் விலையில் போட்டியிட முடியாது. 'செலவு குறையும்' என்று சொல்லி வீட்டில் அனுமதி கேட்பவர் முதல் பேச்சிலேயே தோற்பார். ஆயினும் அவன் அதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு கருவியைத் தானே கட்டியவனுக்கு, அது ஏன் ஒலிக்கிறது, ஏன் பிசகுகிறது என்பது கைவழியே தெரிந்துவிடுகிறது. நான் மறுத்தது அந்தத் தாளில் இருந்த திட்டத்தைத்தான்.

வீணையைப் பார்த்தவர்களுக்குக் கிதாரின் உறுப்புகள் புதியன அல்ல. நீங்கள் ஃபிரெட் என்பது வீணையில் மெட்டு. பிரிட்ஜ் என்பது குதிரை. தந்தியை முறுக்கும் டியூனர், பிருடை. வேறுபாடு குடத்தில் இருக்கிறது. குடைந்தெடுத்த பலாமரக் குடம் வீணையின் ஒலியைப் பெருக்குகிறது. மின்கிதாருக்கோ குடமே வேண்டா. கெட்டியான பலகை போதும். தந்திகளின் அடியில் பிக்கப் என்னும் சிறு பொருள் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. பெருக்கி அதை நம் காதுக்குக் கொண்டுவருகிறது. எனவே உடல் தீச்சுடர் வடிவில் இருந்தாலும் முறத்தின் வடிவில் இருந்தாலும் சுருதி கெடாது. கழுத்தில் ஒரு மெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலோ, எந்தச் சிவப்பு வண்ணமும் அதை மறைக்காது.

வீணை செய்வோர் மெழுகுக் கலவையின்மேல் மெட்டுகளைச் செவியால் கேட்டுப் பதிக்கின்றனர். பிசகினால் மெழுகை இளக்கி மாற்றலாம். கிதாரில் மரத்தை அறுத்து அந்தப் பிளவில் மெட்டைச் செலுத்துகிறார்கள், அறுத்தது அறுத்ததுதான். தந்தி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817 ஆல் வகுத்தால் 36.37 வருகிறது. முதல் மெட்டு அங்கே. மீதமுள்ள 611.63 ஐ மறுபடி வகுத்தால் 34.33, இரண்டாம் மெட்டு அவ்வளவு தள்ளி. இப்படியே பன்னிரண்டு முறை வகுத்தால் சரியாகப் பாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்போம். கணக்கு அழகானது. ஆனால் பழகாத கையில் இருக்கும் இரம்பத்திற்குத் தசமப் புள்ளி தெரியாது. மேலும், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ எடை தொங்குவது போலக் கழுத்தை இழுக்கின்றன. அது வளையாதிருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் பொருத்த வேண்டும். ஆதலால் முதல் முயற்சியில் கழுத்தை வாங்கிவிடுங்கள் என்பேன். உடல் உடைந்துபோன பழைய கிதாரின் கழுத்து, பழுது பார்க்கும் கடைகளில் சில வேளை கிடைக்கும். கையிருப்பில் பாதியை அதற்கே ஒதுக்கலாம்.

"எல்லாவற்றையும் நானே செய்தால்தானே ஐயா அது என் கிதார்?" என்றான் மாணவன். பிரையன் மே என்னும் ஆங்கிலேய இசைக்கலைஞரின் கதையை அவன் எங்கோ படித்திருக்கிறான். 1963 இல், தம் பதினாறாம் வயதில், அவர் தந்தையுடன் சேர்ந்து ஒரு மின்கிதாரைக் கட்டத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்சட்டம் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்கள் இரண்டு உள்ளே சென்றன. முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுகளுக்கிடையே புள்ளிகளாயின. பொருட்செலவு ஏறத்தாழ 8 பவுண்டு என்பார்கள். பின்னாளில் குவீன் குழுவில் அவர் வாசித்த கிதார் அதுவே.

இக்கதையைச் சொல்வோர் இரண்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிக்கப்பையும் அவர் முதலில் தாமே செய்தார். அதில் நிறைவில்லாமல் கடையில் வாங்கியவற்றையே பொருத்தினார். அதனால் அக்கிதார் அவருடையது ஆகாமல் போய்விடவில்லை. மற்றொன்று, அந்த 8 பவுண்டுக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைப்பும், மின்னணுவியல் அறிந்த ஒரு தந்தையின் மாலைப் பொழுதுகளும் சேரவில்லை. நம் மாணவனின் தாளிலும் தந்தைக்கு இடமில்லை. அரை மில்லிமீட்டரை நாள்தோறும் அளந்து பழகிய ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, அவரிடம் அனுமதி மட்டும் கேட்டிருக்கிறான்!

மரத்தைப் பற்றி ஒரு செய்தி இருந்தது. ஊர் வீட்டை விற்றபோது தந்தை கொண்டு வந்த தேக்கு ஊஞ்சல் பலகை அவர்கள் கட்டிலின் அடியில் கிடக்கிறது. அதைத்தான் அறுப்பதாக இருந்தான். பல்லாண்டு உலர்ந்த மரம் முறுக்கிக்கொள்ளாது. அவன் தேர்வில் பிழையில்லை. ஆனால் அது அவன் பாட்டி அமர்ந்த பலகை. தந்தையின் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும்தானா என்று எனக்கு ஐயம் உண்டு. முதலில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நாலரை சென்டிமீட்டர் தடிப்பில் ஓர் உடல் செய்யச் சொன்னேன். அது வீணானால் சில நூறு ரூபாயோடு போகும். ஊஞ்சல் பலகை வீணானால் வேறொன்று வாங்க முடியாது.

பிறகு இருவரும் வரைபடத் தாள்களை ஒட்டி முழு அளவுப் படம் வரைந்தோம். இதற்கே மூன்று மாலைகள் ஆயின. நடுக்கோடு முதலில். வாங்கிய கழுத்தின் தலைமுனையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அதே அளவை மறுபுறம் வைத்தால் குதிரையின் இடம் தெரியும். ஒரே ஒரு பிக்கப், ஒலியளவுத் திருகி ஒன்று, ஒரு ஜாக். இரண்டாவது பிக்கப்பை அடித்துவிட்டோம். சிவப்பு வண்ணத்திற்கு மாறாக ஆளிவிதை எண்ணெய். பற்றவைக்கும்போதும் மரம் அறுக்கும்போதும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கணக்கின் முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். கொம்புகளை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை படத்தைத் தரையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். ஊஞ்சல் பலகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கழுத்து உட்காரும் பள்ளத்தை எதைக் கொண்டு அளந்தாய்?" என்று கேட்டார். பள்ளிக்கூட அளவுகோலால் என்றான் மகன். அவர் எழுந்து சென்று தம் வெர்னியர் அளவியை எடுத்து வந்து, கழுத்தின் அடியை மறுபடி அளக்கச் செய்தார். படத்தில் இருந்ததற்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது.