இரு மலைகளின் ஒப்பந்தகாரர்

கண்டிக்குப் புகையிரதத்திற் செல்வோர் கடுகண்ணாவை ஏற்றத்தின் எழிலைக் கண்டு வியவாதிருப்பதில்லை. ஆயின், அப்பாதையை அமைத்த ஒப்பந்தகாரரை நினைப்போர் அரியர். அவர் வில்லியம் பிரடெரிக் பவியெல் என்னும் ஆங்கிலேயர்.

பம்பாயிலிருந்து தாணாவுக்கு இருபாதை அமைக்கும் வேலையைப் பவுலர் என்பவருடன் கூடி ஏற்றவர் இவரே. 1853 ஏப்ரல் 16ஆந் திகதி அப்பாதையில், 21 மைல் தூரம், இந்தியாவின் முதலாவது பயணிகள் புகையிரதம் ஓடிற்று. பவியெலின் புகழ் ஓங்கியது.

அப்புகழே 1855இல் அவரைப் பூனாவுக்குச் செல்லும் வழியிலுள்ள போர்காட் மலையேற்றத்துக்கு இட்டுச் சென்றது. பதினைந்து மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் 1,831 அடி ஏற வேண்டும். 25 சுரங்கங்கள் குடைய வேண்டும். பவியெல் வேலையைப் பகுதி பகுதியாகச் சிறு ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்தார். மேலிருந்து இறங்கிய பணம் கீழே பாறை உடைத்தவன் கைக்கு ஒழுங்காகச் சேரவில்லை. 1859 சனவரியிற் கலகம் மூண்டது. ஐரோப்பிய மேற்பார்வையாளர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே பவியெல் ஒப்பந்தத்தைக் கைவிட்டார்.

பின்னர் அதனை ஏற்ற சொலமன் திரெட்வெல், இந்தியாவில் வந்திறங்கிய சில வாரங்களுள் நோயுற்று மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் ஏற்று, இரு பொறியியலாளரைக் கொண்டு வேலையை நடத்துவித்தார். 1861இல் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். வாந்திபேதி அவர்களுட் பலரை வாரிக்கொண்டது. 1863இற் பாதை திறக்கப்பட்டது.

இலங்கையிலோ, கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுவர மாட்டுவண்டிகள் போதாதிருந்தன. கம்பனியொன்றுடன் செய்த ஏற்பாடு 1861இல் முறிந்தது. அரசாங்கமே பொறுப்பேற்று, 1863இல் ஒப்பந்தத்தைப் பவியெலுக்கு அளித்தது. பிரதம பொறியியலாளர் மோல்ஸ்வேத்தின் மேற்பார்வையில் வேலை நடந்தது. 1865இல் அம்பேபுசவரையும், 1867இற் கண்டிவரையும் புகையிரதம் ஓடியது. 45 அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றம் இம்முறை அவரைத் தோற்கடிக்கவில்லை.

ஒரு மலையில் வீழ்ந்தவருக்கு மற்றொரு மலையில் எழுந்து நிற்க வாய்ப்புக் கிடைத்தது. போர்காட்டில் கூலிக்குக் காத்திருந்தவர்களுக்கும், பாதை முடியுமுன்னே கண்மூடியவர்களுக்கும் அத்தகைய மறுவாய்ப்பு வாய்க்கவில்லை. பவியெலின் பெயரையேனும் ஏடுகள் காத்து வைத்துள்ளன. அவர்களுக்கோ அப்பாதைகளே நினைவுச் சின்னம். அடுத்தமுறை கடுகண்ணாவையில் வண்டி மெல்ல ஏறும்போது, அவர்களையும் ஒரு கணம் நினைப்போமாக.