கிண்டிப் புல்வெளியில் மரம் நட வேண்டாம்

மரம் நட்டால் காற்றில் கார்பன் குறையும் என்ற எண்ணம் சென்னையில் ஆழமாக வேரூன்றிவிட்டது. மரமில்லாத இடமெல்லாம் நம் கண்ணுக்குத் தரிசாகவே படுகிறது. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் வெளிமான்கள் மேயும் போலோ மைதானத்தையும், பக்கத்து ஐஐடி வளாகத்தில் மிஞ்சியிருக்கும் புல்தரைகளையும் அப்படிப் பார்ப்பது பெருந்தவறு. வறண்ட நிலங்களைப் போலவே அங்கே கார்பன் கணக்கை நடத்துவது மழை. அந்தக் கணக்கின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.

ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் ஊரில் வறண்ட நிலமா என்று கேட்கலாம். மொத்த மழையைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே மாதத்துக்குள் புல் கருகி, மண் புழுதியாகிவிடும். அந்தப் புழுதியில் விழும் கோடை மழை முதலில் எழுப்புவது புல்லை அல்ல, நுண்ணுயிர்களை. ஈரம் பட்ட சில மணி நேரத்திலேயே அவை, வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் எச்சத்தையும் மட்கையும் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பர்ச் 1958-இல் விவரித்த நிகழ்வு இது. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மழை ஒரு தூறலோடு நின்றால் மேல்மண் வாயுவை இழந்து மறுபடி காய்ந்துவிடும், நிலத்துக்கு நஷ்டம். விட்டுவிட்டுப் பெய்து ஈரம் வேர் வரை இறங்கினால் புல் துளிர்க்கும், இழந்ததை மீட்கும், கணிசமான கார்பனை வேருக்கும் அனுப்பும். அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளியில் மொத்த மழையைக் குறைக்காமல் மழைக்கு இடைப்பட்ட நாட்களை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். புல்லின் வளர்ச்சி குறைந்தது, மண்ணின் சுவாசமும், அதாவது மண் வெளிவிடும் கரியமில வாயுவும், குறைந்தது என்று 2002-இல் முடிவு வந்தது. 2015-இல் வெள்ளத்தையும் 2019-இல் வறண்ட ஏரிகளையும் பார்த்த ஊர் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

புல் சேர்ப்பதைவிட மரம் சேர்க்கும் கார்பன் அதிகமல்லவா என்பது வலுவான எதிர்வாதம். தண்டிலும் கிளையிலும் அதிகம்தான். ஆனால் புல்வெளிகளில் மரமும் புதரும் புகுந்தால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் ஒப்பிட்டபோது, வறண்ட இடங்களில் மண் கார்பன் கூடியது. மழை மிகுந்த இடங்களில் குறைந்தது. ஆகவே எங்கும் ஒரே சூத்திரம் செல்லாது. அதோடு, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரத்தின் கார்பன் மட்கியோ எரிந்தோ காற்றுக்கே திரும்பும். புல்லின் வேரைப் புயல் தொடாது.

கிண்டிப் பூங்காவே மூன்று சதுர கிலோமீட்டருக்குள்தான், அதில் புல்வெளி ஒரு பகுதி. கார்பன் அளவில் இது சிறிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2030-க்குள் கூடுதல் காடு, மரப்பரப்பின் மூலம் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்ப்போம் என்று இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. அந்த இலக்கைத் துரத்தும்போது திறந்த புல்வெளிதான் முதலில் கண்ணில் படும். தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் நிழல் வேண்டும்; அந்தத் தெருக்களில் தாராளமாக நடுங்கள். கிண்டியில் செய்ய வேண்டியது வேறு: புல்வெளிக்குள் பரவும் சீமைக்கருவேலத்தை அகற்றி, கோடை மழைக்கு முன்னும் பின்னும், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மண்ணின் கார்பனை அளக்க வேண்டும். அளப்பதற்கான ஆய்வுக்கூடங்கள் பக்கத்திலேயே, ஐஐடியிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அந்த எண்கள் கையில் வரும்வரை அங்கே ஒரு கன்றுகூட நடக் கூடாது.