மாற்று மென்பொருள் தேடாதீர்கள்

"ஃபாக்ஸ்ப்ரோ நின்றுபோய்விட்டது, அதற்கு ஈடாக எதை வாங்கலாம்?" சிறு பள்ளிகள், நலச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள் என்று எங்கே போனாலும் பழைய கணினியைக் காட்டி இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு தரவுத்தள மென்பொருள் போனால் அதே அளவுக்கு, முடிந்தால் அதைவிடப் பெரிதாக, இன்னொன்றை வாங்கினால்தான் பதிவுகள் பிழைக்கும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. ஏழைகளின் பெயர்களை ஏட்டில் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு ஆபத்தானதும்கூட.

ஆபத்து என்னவென்று மதராசி கேம்ப் சொல்லும். தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த அந்தத் தமிழர் குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள். நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முதலில் அறிவிக்கப்பட்ட குடும்பங்கள் 189. பிறகு சில பெயர்கள் சேர்ந்தன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. தில்லியின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1க்கு முன்பே குடிசை இருந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் பத்தாண்டுக்கு முந்தைய தாளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இந்த விதி நியாயமானது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வீட்டை இழப்பவர் தலையிலேயே நிரூபிக்கும் சுமையையும் வைப்பது கொடுமை. ஆனால் விதி இருக்கும்வரை, எந்தக் குடும்பம் எந்த ஆண்டுப் பட்டியலில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று குறித்துவைத்திருக்கும் சங்கம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய துணை. சங்கத்தின் குறிப்பு ஆவணம் ஆகாதுதான். ஆவணத்தை எங்கே தேடுவது என்றாவது அது சொல்லும். நோட்டீஸ் ஒட்டியபிறகு கிடைக்கும் சில வாரங்களில் அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் குறிப்பு பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களின் ஆயுளோ நம் கையில் இல்லை. ஃபாக்ஸ்ப்ரோவை மைக்ரோசாஃப்ட் 1992இல் வாங்கியது. அடுத்த பதிப்பு வராது என்று 2007இல் அறிவித்தது. 2015 ஜனவரி 13 அன்று ஆதரவை முற்றாக நிறுத்தியது. தில்லிக் கொள்கையின் வரம்பு நாளும் அதே மாதத்தில்தான் வருகிறது. எந்த ஆண்டுகளின் சான்று இன்று தேவைப்படுகிறதோ, அந்த ஆண்டுகளின் கோப்புகள்தாம் இப்படிக் கைவிடப்பட்ட மென்பொருள்களில் கிடக்கின்றன. புதிதாக வாங்கினால் தப்பலாம் என்பவர்கள் அதே மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் வெப் ஆப்ஸ் கதையைப் பார்க்கட்டும்: 2013இல் வந்தது, 2018இல் மூடப்பட்டது. மாதச் சந்தா கட்டும் மென்பொருளில் இன்னொரு சிக்கல். சங்கத்தில் பணம் தீர்ந்த மாதமே பட்டியலும் கைவிட்டுப் போகலாம்.

ஈடான மென்பொருள் தேவையே இல்லை. பட்டியலை வெளியே எடுங்கள், போதும். ஃபாக்ஸ்ப்ரோவின் டி.பி.எஃப். கோப்பை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் நேராகத் திறக்கும். எடுக்கும்போது கவனம் வேண்டும். நீளமான குறிப்புகள் டி.பி.எஃப்.பில் இருக்காது, அதே பெயரில் பக்கத்தில் கிடக்கும் எஃப்.பி.டி. கோப்பில் இருக்கும். ஒன்றை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால், பெயர் வரும், "1998 முதல் இங்கே இருக்கிறார்" என்ற குறிப்பு வராது. தமிழ்ப் பெயர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருந்தால் திரையில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அழிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டால் யூனிகோடுத் தமிழாக மீண்டு வரும். பிறகு அதைச் சி.எஸ்.வி.யாகச் சேமியுங்கள். ஒரு வரிக்கு ஒரு குடும்பம், நடுவே காற்புள்ளிகள். நோட்பேடு திறக்கும் கணினி எதிலும் அது திறக்கும்.

எக்ஸெல் போன்ற அட்டவணைகளை நம்ப முடியாது என்று கணினி படித்தவர்கள் மறுப்பார்கள். 2020இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் விடுபட்டதை உதாரணம் காட்டுவார்கள். அது நடந்தது உண்மை. 65,536 வரிக்குமேல் கொள்ளாத பழைய எக்ஸெல் வடிவத்தில் ஒரு நாட்டின் பரிசோதனைக் கணக்கைத் திணித்ததால் வந்த வினை. 370 வீட்டுக் கணக்குக்கு அந்தப் பயம் வேண்டாம். நமக்கு வரும் கேடு சிறியது: எண்களின் முன்னாலுள்ள பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்கிவிடும், பன்னிரண்டு இலக்க ரேஷன் அட்டை எண்ணைச் சுருக்கிக் காட்டும். அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. வரவு, சந்தா, உதவித்தொகை என்று பல பட்டியல்களை இணைத்தே ஆக வேண்டிய அமைப்பு எஸ்.க்யூ.லைட்டுக்குப் போகலாம். விலை கிடையாது, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. 2050 வரை ஆதரவு தருவதாக அதை உருவாக்கியவர்கள் உறுதி கூறியிருக்கிறார்கள். அதிலிருந்தும் ஆண்டுக்கொரு முறை சி.எஸ்.வி. எடுத்தாக வேண்டும்.

அதே நாளில் ஒரு பிரதியை அச்சிட்டு, தேதியும் இரண்டு பொறுப்பாளர்களின் கையெழுத்தும் போட்டு, சங்கக் கட்டடத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். புல்டோசர் வரும் குடியிருப்பில் அலுவலகமும் சேர்ந்தே போகும். ஆதார் எண்ணை இந்தப் பட்டியலில் ஏற்ற வேண்டாம், அது சங்கத்துக்குத் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய வரியை மட்டும் அச்சிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.